இடது காது

அடுத்த வீட்டு மாடியையும் அடுத்தவன் வண்டியையும் பார்த்து வயிறெரிகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஜீவானந்தத்துக்கு வந்த பொறாமை வேறு தினுசு. அவனுக்குக் கேள்விகளின்மேல் பொறாமை வந்தது. தன் பெண்டாட்டியிடம் இன்னொருத்தி கேட்கிற கேள்விகளின்மேல்.

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், டயர் பஞ்சர் கடையை ஒட்டிப் பிரிகிற தெருவில் அவன் வீடு. கீழே ஒடிசாப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். மாடியில் ஜீவானந்தமும் மனைவி கங்காவும் பத்தாவது படிக்கிற மகள் ஷாரோனும். அவன் கார் சீட் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறவன். கங்கா இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். காலை ஷிப்டுக்கு பஸ் வரும்போது தெருவில் இருட்டு பாக்கி இருக்கும். பஸ்ஸில் மற்ற பெண்கள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்குவார்கள். கங்கா மட்டும் செல்போனைக் கையில் வைத்துக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே வருவாள். யாருக்கோ மெசேஜ் போடுகிறாள் என்றுதான் பக்கத்தில் இருக்கிறவள்கூட நினைத்தாள். போன தை மாதம் அது கதைப் புத்தகமாக வந்தபோதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

ஜீவானந்தத்துக்குப் பெருமைதான். கேக் வாங்கி வெட்டினான். ஜெபத்துக்குப் போகிற சபையில் சொன்னான், கேன்டீனில் சொன்னான். படிக்கத்தான் இல்லை. "எழுதுனவளே வூட்ல கீறா, பொறுமையா படிச்சிக்கலாம்" என்று பீரோ மேல் வைத்தான். அதன்மேல் ஷாரோனின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இரண்டு குடும்பமும் ஒரே சனம்தான்; கும்பிடுகிற சாமிதான் வேறு. கல்யாணத்துக்கு முன் கங்காவுக்கு ஏரியில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அது அவள் அப்பா எடுத்த முடிவு. அம்மா கனகத்துக்கு அது இறங்கவே இல்லை. எல்லையம்மன் கோயிலில் தலைமுறையாகக் கூழ் ஊற்றுகிற வீடு அவளுடையது. மகளைப் பார்க்க வருவாள். படியிலேயே உட்காருவாள். ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பாள். சோறு மட்டும் தொட்டதில்லை. "இப்பதான் துன்னுட்டு வந்தேன்" என்பாள், வயிறு ஒட்டிக் கிடந்தாலும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜீவானந்தத்துக்கு இடது காது கேட்காது. வாலிபத்தில் வேறொரு கம்பெனியில் ஒப்பந்த ஆளாக நின்றபோது காற்றுக்குழாய் ஒன்று காதோரம் வெடித்துவிட்டது. வேலை செய்கிற இடத்தில் 'ஒத்தக் காது' என்றே அவனைக் கூப்பிடுவார்கள். கங்காவுக்கு மட்டும் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போன அன்று அவன் அம்மா வாயைத் திறக்காதே என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்கும் பிறகு, இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்பாளே என்று பயமாக இருந்தது. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அவளை வலப்பக்கம் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டான். பைக்கில்தான் முடியாது. அங்கே அவள் இடப்பக்கம் காலைத் தொங்கவிட்டுத்தான் உட்காருவாள். வழியெல்லாம் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டு வருவாள். மூச்சு தோளில் சூடாகப் படும். இவன் "ஆங், ஆங்" என்று தலையாட்டிக்கொண்டே ஓட்டுவான். லாரிகள் அலறுகிற சாலையில் அது போதும் என்பது அவன் எண்ணம். அவளுக்கு இதெல்லாம் தெரியாது என்பதும் அவன் எண்ணம். ஆம்பிளைகள் இப்படிச் சிலதை நம்பிக்கொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளுவார்கள், பாவம்.

இப்படி இருக்கிற வீட்டுக்குத்தான் கலைமதி வந்தாள். தாம்பரத்தில் கல்லூரி ஆசிரியை. எழுதுகிறவர்களை எதிரில் உட்காரவைத்து, நம்பிக்கை, பண்பாடு, சமூகம் என்று ஆற அமரப் பேச்சுக் கொடுத்து மாதம் ஒரு கூட்டம் நடத்துவாள். வீடியோவும் போடுவாள். ஆடி மாதக் கூட்டம் கங்காவுக்கு. மேடையில் உட்காருவதற்கு முன்னால் ஆளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஸ்கூட்டியில் வந்துவிடுவாள்.

முதல் தடவை வந்தபோது ஜீவானந்தம் அடுக்களையில் கருவாட்டுக் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கங்கா வேகவைத்த வேர்க்கடலையைத் தட்டில் கொட்டி, இரண்டு பேருமாக உரித்துத் தின்றுகொண்டே பேசினார்கள்.

"முதல் கதையில அந்த செக்யூரிட்டி வர்றாரு இல்லக்கா, கூழ் ஊத்தப் போற பொண்ணுங்களுக்கு கேட்ல பாஸ் குடுத்துட்டு..."

"ஆமாம்மா. எங்க ஊரு எல்லையம்மன் கோயிலு இப்ப கம்பெனி காம்பவுண்டுக்குள்ள மாட்டிகினு கீது. ஆடில ஒரு நாளுதான் தொறப்பாங்க. கூழு குண்டானத் தலமேல வெச்சிகினு கேட்ல நிக்கணும். ஆதார் காட்டணும், போட்டோ புடிப்பாங்க, கழுத்துல ஒரு அட்டைய மாட்டுவாங்க. விசிட்டர்னு போட்டிருக்கும். அவங்க கோயிலுக்கு அவங்களே விசிட்டரு."

கலைமதி சிரித்தாள். "அதை நீங்க கோவமா எழுதியிருப்பீங்கன்னு நினைச்சேன். ஆனா கதையில கோவம் இல்லையே. ஏன்?"

அடுக்களையில் கத்தி நின்றது. ஜீவானந்தம் வலது காதை நிலைப்படிப் பக்கம் திருப்பினான்.

கங்கா ஒரு கடலையை உடைத்து, உள்ளே சொத்தையாக இருக்கவே ஓரமாகப் போட்டாள். "அதுக்கொரு காரணம் கீதும்மா. முன்னெல்லாம் ஊர்த் தெருக் கூழ மொதல்ல அண்டாவுல ஊத்துவாங்க. எங்க தெருக் கூழ கடைசில, தனி அண்டாவுல. எங்க அம்மா வெயில்ல நின்னுகினே இருக்கும். கம்பெனி வந்தப்புறம் அந்த செக்யூரிட்டிக்கு ஊர்த் தெரு எது, எங்க தெரு எதுன்னு தெரியல. வடநாட்டு ஆளு. 'லைன்ல வா, லைன்ல வா'ன்னு வந்த வரிசைக்கு உள்ள உட்டுட்டான். உள்ள ஒரே அண்டாதான் அலவுடு. எல்லாம் கலந்துடுச்சி. எங்க அம்மா கூழு அன்னிக்கி ரெண்டாவதா வுழுந்திச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? நெலத்தப் புடுங்குனவன் செஞ்ச நல்லதுன்னு இத எழுதலாமா, கூடாதான்னு எனக்குத் தெரியல. கோயிலும் போயிட்ச்சி, அந்த வரிசையும் போயிட்ச்சி. எதுக்கு அழுவறது, எதுக்கு சிரிக்கறது? அதான் கோவத்த எழுதல."

கலைமதி ஒன்றும் பேசாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேசாமை இருக்கிறதே, அதுதான் ஜீவானந்தத்தைக் குத்தியது. தான் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் பேசி முடித்தபின் இப்படிச் சும்மா இருந்ததில்லை என்று பட்டது. அந்தக் கோயிலை அவனுக்குத் தெரியும். அந்த கேட் வழியாக எத்தனையோ தடவை பைக்கில் போயிருக்கிறான். அண்டா கதை தெரியாது. உரித்த வெங்காயத்தைவிட உரிக்காததுதான் தட்டில் அதிகமாக இருந்தது.

கலைமதி போனபின், "நல்லாத்தான் பேசற" என்றான்.

"நல்லாத்தான் கேக்கறாங்க" என்றாள் கங்கா.

அன்றிலிருந்து பிடித்தது சனி. ஞாயிறு வந்தால் போதும், கலைமதியின் ஸ்கூட்டிச் சத்தம் வலது காதில் இடியாக விழும். அவர்கள் சிரித்தால் தன்னைப் பற்றியோ என்றிருக்கும். மெதுவாகப் பேசினால் இன்னும் மோசம். ஒரு நாள் காபி கொடுக்கிற சாக்கில் உள்ளே போய் அங்கேயே நின்றான். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டார்கள். "சக்கர போதுமா மேடம்?" என்றான். "போதும்ண்ணா" என்றாள். வேறென்ன கேட்பது? திரும்பி வந்துவிட்டான்.

புத்தகத்தை எடுத்து டிபன் பையில் போட்டுக்கொண்டு போனான். கேன்டீனில் சாம்பார் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் படிப்பதைப் பார்த்து, லைனில் பக்கத்தில் நிற்கிற ரகுபதி வந்து உட்கார்ந்தான்.

"இன்னா ஒத்தக் காது, பரிட்சையா?"

ஜீவானந்தம் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்ததால் சொல்லிவிட்டான்.

ரகுபதி வாயிலிருந்த அப்பளத்தைத் துப்பாத குறையாகச் சிரித்தான். "டேய், ஆம்பள வந்து பேசிகினு போனாகூட ஒரு ஞாயம் கீது. பொம்பளயப் பாத்து இன்னாடா பொறாம உனக்கு?"

"பொம்பள மேல இல்லடா. அவ கேக்கறா பாரு, அதுமேல."

"அப்ப நீயும் கேளு. யாரு வேணான்னா? கேள்விக்கு இன்னா ஜிஎஸ்டியா போடறாங்க?"

அது சரியாகப் பட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில், கங்கா வலப்பக்கம் உட்கார்ந்து முருங்கைக்கீரைப் பொரியலை வைத்தபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்.

"மே, பண்பாடுன்னா நீ இன்னா நெனைக்கிற?"

கங்கா கரண்டியோடு அவனைப் பார்த்தாள். "சோறு போதுமா, இன்னும் வெக்கட்டா?"

ஷாரோனுக்குப் புரையேறிவிட்டது. "ப்பா, இன்டர்வியூவா? மைக் எங்க?"

"நீ துன்னு பேசாம." அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் வேறு வழியில் வந்தது. "அவளாண்டன்னா வாய் ஓடுது. எங்கிட்ட சோறு போதுமாவா? சபையில மாசாமாசம் சாட்சி சொல்ல எத்தினி தபா கூப்ட்டாங்க? ஒரு நாளாச்சும் எந்திரிச்சியா? பாஸ்டரு என்னைத்தான பாக்கறாரு. ஊரே பாக்குது. உம் பொஞ்சாதிக்கு ஆண்டவர் ஒண்ணுமே செய்யலியாப்பான்னு ஒரு கிழவி கேட்டா."

கங்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சபையில சொல்லச் சொன்னாங்க. இவங்க கேட்டாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"உனக்கு ஒண்ணுதான்."

சபையில் சாட்சி என்பது ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்வது. ஜீவானந்தம் தவறாமல் சொல்வான். வண்டி லோன் கிடைத்தது, ஓவர்டைம் கிடைத்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எல்லாருக்கும் அது மனப்பாடம். கங்கா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்ப்பாள். ஞானஸ்நானம் எடுத்த நாளாக அவள் மனசில் என்ன இருக்கிறது, தன் சாமியை அவள் நிஜமாகவே ஏற்றுக்கொண்டாளா என்ற சந்தேகம் அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. கேட்டால் என்ன பதில் வருமோ என்று கேட்டதே இல்லை. இப்போது வேறொருத்தி வந்து கேட்கப் போகிறாள், அதுவும் ஊர் கூடி இருக்கிற இடத்தில்.

அந்த இடமும் எங்கே அமைந்தது பாருங்கள். கலைமதி வழக்கமாகக் கூட்டம் நடத்துகிற மண்டபத்தில் அன்று காதுகுத்து. பாஸ்டர் அய்யாத்துரை தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், புத்தகப் பைத்தியம். "நம்ம சபை ஹாலு சும்மாத்தானே கெடக்கு. வந்து நடத்துங்கம்மா" என்று கொடுத்துவிட்டார். சபையில் மைக் செட் பார்க்கிறவன் ஜீவானந்தம். ஒற்றைக் காதை ஈடுகட்ட எப்போதும் ஹெட்போன் போட்டுக்கொண்டு, பொத்தான்களும் குமிழ்களும் உள்ள அந்தப் பெட்டிக்குப் பின்னால் உட்காருவான். யார் குரல் கரகரத்தாலும் அவனுக்குத்தான் முதலில் தெரியும்.

கூட்டத்தன்று சாயங்காலம் நல்ல கூட்டம். ஷிப்டு முடிந்து யூனிபாரத்தோடு வந்தவர்கள், ஷூ கம்பெனிப் பெண்கள், ரகுபதி, சபைக்காரர்கள். கங்காவின் பிறந்த தெருப் பெண்களும் ஒரு ஷேர் ஆட்டோ நிறைய வந்து இறங்கினார்கள். அவர்களோடு கனகம். மகள் கல்யாணத்துக்கு வந்ததுதான், அதன்பிறகு இந்த வளாகத்தில் கால் வைத்ததில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார மனமில்லாமல், கடைசியில் சுவரை ஒட்டி, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நின்றாள்.

பேச்சு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. ஆடிக் காற்றோடு வந்த மழை. தகரக் கூரையில் சோளத்தைக் கொட்டுகிற மாதிரி ஒரே இரைச்சல். ஜீவானந்தம் சத்தத்தைக் கூட்டினான். கூழ் அண்டா கதையைக் கங்கா சொன்னாள். அவள் தெருப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். நைட் ஷிப்டில் மயங்கி விழுந்த பெண்ணுக்கு லைனில் இருந்த எல்லா மதத்துக்காரிகளும் அவரவர் சாமியைக் கூப்பிட, அவள் எழுந்து "யாராச்சும் தண்ணி குடுங்கடி" என்ற கதையைச் சொன்னாள். கூடம் சிரித்தது. மழையிலும் கேட்டது அந்தச் சிரிப்பு. ஜீவானந்தமும் சிரித்தான். சிரிக்கும்போதே எரிந்தது, இதையும் அவன் இப்போதுதான் கேட்கிறான்.

கலைமதி கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.

"அக்கா, உங்க கதைகள்ல வர்ற பொண்ணுங்க எல்லாரும் யார்கிட்டயோ பேசிக்கிட்டே இருக்காங்க. அது யாருன்னு நீங்க எழுதறதே இல்ல. நீங்க ரெண்டு நம்பிக்கைக்கு நடுவுல வாழ்றவங்க. நீங்க யார்கிட்டக்கா பேசுவீங்க? உங்களுக்கு ஜெபம்னா என்ன?"

கங்கா கைக்குட்டையை மடித்தாள். பிறகு தலையைத் தூக்கி, கூட்டத்தின் கடைசியில் சுவரோரம் பார்த்தாள்.

ஜீவானந்தத்தின் கை தானாகப் பெட்டிமேல் போயிற்று. அது அவனுடைய கேள்வி. கல்யாணமான நாளாக அவன் வாய்க்குள்ளேயே கிடந்து அழுகிய கேள்வி. அதன் பதிலை ரகுபதி கேட்பதற்கு முன், கிழவிகள் கேட்பதற்கு முன், முன்பின் தெரியாத யூனிபாரக்காரன் கேட்பதற்கு முன், தான் கேட்க வேண்டும். பெட்டியில் ஒரு வசதி உண்டு. கூடத்துக்குப் போகிற சத்தத்தை அடைத்தாலும் மைக்கில் விழுவது ஹெட்போனில் கேட்கும். குமிழை இறக்கினான். வீடியோவுக்குப் போகிற சத்தமும் அதோடு போயிற்று. கூரையில் மழை மட்டும் கொட்டியது. மேடையில் கங்காவின் உதடு அசைந்தது. அவள் குரல் அவனுடைய வலது காதில் மட்டும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல விழுந்தது.

"எனக்கு ஏரியில ஞானஸ்நானம் குடுத்தாங்கம்மா. தண்ணிக்குள்ள முக்கசொல்ல மூச்சு முட்டிச்சி. அந்த நேரத்துல என்னை அறியாம எங்க அம்மா கும்புடுற எல்லையம்மாவத்தான் கூப்ட்டேன். தண்ணிக்குள்ள யாருக்குக் கேக்கும்? மேல வந்ததும் எல்லாரும் ஸ்தோத்திரம்னாங்க. பொய் சொல்லிட்டுக் கரை ஏறிட்டேனோன்னு ஒரே பயம் எனக்கு. கொஞ்ச நாளு கழிச்சி வண்டில போவசொல்ல எங்க வூட்டுக்காரராண்ட சொல்லிட்டேன். அவரு 'ஆங்'னாரு. அவ்ளோதான். இப்டி ஒரு மனுசனான்னு அழுவாச்சி வந்திச்சி."

கொஞ்சம் நிறுத்தினாள். அவள் குரலில் சிரிப்பு ஏறியது.

"அப்பால தெரிஞ்சிச்சி, அந்தக் காது கேக்காதுன்னு. சந்தேகப்பட்டு ஒரு நாளு, கொழம்புல பூனை வுழுந்துடுச்சின்னேன். ஆங்னாரு. உங்க அம்மா ஓடிப் போயிட்டாங்கன்னேன். அதுக்கும் ஆங்."

"கோவம் வந்துச்சா?"

"வராம? ஒரு வாரம் மூஞ்சிய தூக்கி வெச்சிகினேன். அதுவும் தெரியல அந்த ஆளுக்கு. அப்பால யோசிச்சேன். கேக்கற காதுல சொல்ல முடியாதது நமக்கு எவ்ளோ கீது? அன்னிலேருந்து எல்லாத்தயும் அங்கதான் சொல்றேன். சூப்பர்வைசரு பேசனது, ஷாரோன் வயித்துல இருக்கசொல்ல பட்டது, இந்தச் சாமியா அந்தச் சாமியான்னு மனசு ஆடறது. எழுதன கதை எல்லாம் மொதல்ல அங்க சொன்னதுதான். சொல்லசொல்ல ஒரு முதுகு முன்னாடி கீது. சூடா கீது. வண்டி ஓடிகினே கீது. எப்டியும் வூட்டாண்ட கொண்டாந்து எறக்கி உட்ருது. எனக்கு ஜெபம்னா அதான்."

"கடவுளும் அப்படித்தான்னு சொல்றீங்களா?"

"அவரு பெரிய ஆளும்மா. எனக்குத் தெரிஞ்சது இந்த முதுகுதான்."

பின்வரிசையிலிருந்து "மைக்கு! மைக்கு!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எப்போதிலிருந்து கத்துகிறார்கள் என்று ஜீவானந்தத்துக்குத் தெரியவில்லை. குமிழை ஏற்றினான். ஏற்றிய வேகத்தில் ஒலிபெருக்கி 'ஙீ' என்று கத்தி அடங்கியது.

கலைமதி காமிராக்காரரைப் பார்த்தாள். அவர் காதைத் தொட்டுக் கையை விரித்தார். "அக்கா, இவ்வளவு நேரம் சொன்னது யாருக்கும் கேக்கல போல. ரெக்கார்டும் ஆகல. இன்னொரு தடவை சொல்லிடுங்களேன்."

கங்கா பெட்டிப் பக்கம் பார்த்தாள். ஹெட்போனைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். தையல் லைனில் ஊசி எங்கே தப்பியது என்று பார்க்கிற பார்வை அது.

"அது ஒரு தபாதாம்மா வரும்" என்றாள். "வேற கேளுங்க."

பாஸ்டர் எழுந்து வந்துவிட்டார். "என்னய்யா ஜீவா, வயரு கியரு கழண்டுட்டா? மழைத்தண்ணி எறங்கிட்டோ?"

ஆமாம் என்றால் அதோடு முடிந்தது. வயர் வாய் திறந்து சொல்லப் போவதில்லை. ஜீவானந்தம் ஹெட்போனைக் கழற்றினான்.

"வயர் நல்லாத்தான் கீது ஐயா. நான்தான் கொறச்சேன்."

"எதுக்குவே?"

அவன் குரல் அவனுக்கே பெரிதாகக் கேட்டது. "எனக்கு மொதல்ல கேக்கணும்னு தோணிச்சி. பொறாம ஐயா."

ரகுபதிதான் முதலில் விசிலடித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்டர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "வண்டி லோன தவிர நீ சொன்ன மொத சாட்சி இதாம்ல" என்றார். அதற்கும் சிரித்தார்கள். கங்கா சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்து ஜனம் கலைந்தது. மழையும் விட்டுவிட்டது. அவன் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் வந்து, அவனுக்கு வலப்பக்கமாக நின்றாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"எல்லாத்தயுமா?"

"பூனை வரைக்கும். எங்க அம்மா ஓடனது வரைக்கும்."

அவள் முகம் இளகவில்லை. "அது உனக்கு சொன்னது இல்ல. உனக்குத்தான் எப்பவோ சொல்லிட்டேனே. எங்க அம்மா வந்து நின்னுகினு இருந்துச்சி. அந்த ஏரித் தண்ணில எம்பொண்ணு எல்லாத்தயும் கழுவி உட்டுட்டான்னு இத்தினி வருசமா என் வூட்டுல கை நனைக்காத பொம்பள. அது மூஞ்சிக்கு நேரா எனக்கு சொல்ல வராது. மேடையில, மைக்ல, அந்தம்மா கேக்கசொல்லதான் வரும்னு எவ்ளோ தெகிரியம் சேத்து வெச்சிகினு வந்தேன் தெரியுமா? நீ அத எடுத்து உன் காதுல போட்டுகின."

ஜீவானந்தம் சுற்றிய வயரைக் கீழே வைத்தான். கூட்டத்தையே வென்று பறித்தது போல ஒரு கணம் அவனுக்குள் இருந்தது உண்மைதான். இப்போது அது, கேன்டீனில் அடுத்தவன் தட்டைத் தெரியாமல் எடுத்துத் தின்றுவிட்டது போல வயிற்றில் கனத்தது.

"நான் போயி சொல்லட்டா?"

"இன்னான்னு சொல்லுவ?"

"கேட்டத."

அவள் ஒலிபெருக்கி உறையை எடுத்து மாட்ட ஆரம்பித்தாள்.

கனகம் கேட்டோரம், தேங்கிய தண்ணீரில் செருப்பு நனையாமல் ஒரு கல்லின்மேல் நின்றாள். ஷேர் ஆட்டோ இன்னும் வரவில்லை. அவன் போய் அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சபை ஆள், சபை வாசலில், அதைச் சொல்ல நாக்கு புரளவில்லை.

"அத்த. கங்கா பேசனது உங்களுக்குக் கேக்கல. என் தப்பு. அன்னிக்கி ஏரியில முக்கசொல்ல, தண்ணிக்குள்ள அவ உங்க எல்லையம்மாவத்தான் கூப்ட்டாளாம். அதத்தான் சொன்னா."

கனகம் வெற்றிலையை அடுத்த கன்னத்துக்கு மாற்றினாள். சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று தண்ணீரை இறைத்துக்கொண்டு போயிற்று.

"தூது வந்துட்டாரு" என்றாள். "எம்பொண்ணு வாயி எங்க போச்சாம்?"

"வாயி கீது. மைக்குதான் இல்லாம பண்ணிட்டேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பா, முறைப்பா என்று சொல்ல முடியாத பார்வை. ஆட்டோ வந்து நின்றது. தெருப் பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். கடைசியாக ஏறிய கனகம், சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே தலையை நீட்டினாள்.

"வூட்ல இன்னா கொழம்பு?"

"கருவாடு, அத்த. மத்தியானம் வெச்சது."

"மொச்ச போட்டீங்களா?"

"போடல."

"மொச்ச போடாம இன்னா கருவாட்டுக் கொழம்பு? அடுத்த ஞாத்திக்கெழம நான் எடுத்தாறேன். அவள வெக்கச் சொல்லு" என்றாள். ஆட்டோ புறப்பட்டுவிட்டது.

திரும்பி வந்து கங்காவிடம் மொச்சைச் சேதியைச் சொன்னான். அவள் உறையின் நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சு விழுந்தபிறகும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தாள். அவன் ஒன்றும் பேசாமல் நின்றான்.

பைக்கை எடுத்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் எப்போதும் போல இடப்பக்கம் கால் தொங்கவிட்டு ஏறினாள். ஒரகடம் சாலையில் ஷிப்டு பஸ்கள் வரிசைகட்டி வந்தன. எல்லையம்மன் இருக்கிற காம்பவுண்டைத் தாண்டினார்கள், கேட்டில் விளக்கெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் இடது தோளில் மூச்சு சூடாகப் பட்டது. அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜீவானந்தத்துக்கு 'ஆங்' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கோபமாக இருக்கலாம், அழுகையாக இருக்கலாம், அவள் அம்மாவைப் பற்றியோ, புதுக்கதையோ, என்னவாகவும் இருக்கலாம். விழுங்கிக்கொண்டான்.

"எனக்கு அந்தக் காது கேக்காது, மே" என்றான்.

முதுகுக்குப் பின்னால் பேச்சு நின்றது. பிறகு அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எம்பி, வலது காதோரமாக வந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"லைட்ட போடுயா! லாரி வருது!"

அவன் லைட்டைப் போட்டான்.